சவுரிமுத்து கேட்டுத்தான் எடுத்தார்

செய்தி வந்தபோது நான் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இப்போது கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை செய்கிறவர்களும் முன்பு செய்துவிட்டுப் போனவர்களும் சேர்ந்திருக்கும் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. ஏதோ கல்யாணத்தில் எடுத்த படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, சுற்றிலும் பூ வைத்து, கீழே சவுரிமுத்து என்று பெயர் போட்டிருந்தார்கள். முந்தின நாள் காலை, சுங்குவார்சத்திரம் வண்டி ஸ்டாண்டில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். வரிசையாகக் கும்பிடும் கைகள் வந்தன. அவற்றுக்கு நடுவே ஒருவர் கேட்டிருந்தார்: “யாரு, பை கேஸ்ல போனாரே, அவரா?” அதற்குக் கீழே இன்னொருவர், “ஆமா, அவரேதான்” என்று போட்டிருந்தார்.

நானும் ஒரு கும்பிடும் கையை அனுப்பினேன். அனுப்பிவிட்டு மீதிச் சோற்றையும் சாப்பிட்டேன்.

அந்தக் கேள்விக்கு அன்றைக்கே பதில் சொல்லியிருக்க வேண்டியவள் நான் ஒருத்திதான். அவரை அறிந்த உங்கள் எல்லாருக்கும் அந்தப் பதிலை இப்போது எழுதுகிறேன். அஞ்சலி என்றால் இறந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வது வழக்கம். சொல்லத்தான் போகிறேன். ஆனால் அவரைப் பற்றிய நல்லது எதைச் சொல்லத் தொடங்கினாலும் அது என்னைப் பற்றிய கெட்டதில் போய் முடிகிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

சவுரிமுத்து நம் ஸ்டோர்ஸில் எட்டு ஒன்பது வருடம் கான்ட்ராக்டில் இருந்தார். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். தண்டலத்தைத் தாண்டி உள்ளே போகும் சாலையில் வீடு. ரேக்கில் பெட்டி ஏற்றுவது, இறக்குவது, லைனுக்கு எடுத்துப் போவது என்று நாள் முழுக்க நின்றே இருக்கிற வேலை. வெற்றிலை, புகையிலை போடுகிற பழக்கம் அவருக்கு உண்டு. கம்பெனிக்குள் புகையிலை கூடாது என்பதால் டப்பாவை வெளியே ஸ்டாண்டில் தன் வண்டிப் பெட்டிக்குள் பூட்டிவிட்டு, குழாயடியில் வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். ஷிஃப்ட் முடியும்வரை அதைத் தொட மாட்டார். இந்த விதியை அவர் ஒரு நாளும் மீறியதில்லை. பின்னால் நடந்ததைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

அவரோடு நான் முதன்முதலாக வேலை தவிர வேறு பேசியது புகையிலையைப் பற்றித்தான். ஒரு மே மாத மாலை, பஸ்ஸுக்காக வெளியே நின்றிருந்தேன். பக்கத்தில் அவர் டப்பாவைத் திறந்தார். உள்ளே இருந்தது பொடிப்பொடியாக உதிர்ந்து காற்றில் போயிற்று. சலித்துக்கொண்டார். ஐசி போன்ற எலெக்ட்ரானிக் பாகங்கள் ஈரமாகாமல் பார்த்துக்கொள்வதுதானே என் வேலை? கைப்பையில் கிடந்த, ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றை எடுத்து நீட்டினேன். “இத உள்ள போட்டு வைங்கண்ணே. ஒண்ணும் கெடாது.”

அவர் சிரித்துவிட்டார். “ஐயோ மேடம், அத்த போட்டா எலை செத்துப்பூடும். உங்க ஐசிக்குத்தான் ஈரம் பகை. இதுக்கு ஈரந்தான் உசுரு.”

“அப்போ கொஞ்சம் தண்ணி தெளிச்சு வைக்கலாம்ல?”

“தெளிச்சா பூசணம் புடிக்கும். காஞ்சா தூளு, நனைஞ்சா பூசணம். ரெண்டுக்கும் நடுவுல நிறுத்தணும் மேடம். அதான் வேலையே.”

பஸ் வரும்வரை அந்த வேலையை விவரித்தார். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை காஞ்சிபுரம் போய் ஒரு கட்டு வாங்கி வருவார். அவர் தெருவில் போடுகிற நாலைந்து பேருக்கும் சேர்த்து அவர்தான் வாங்குவார். நடு நரம்பைக் கிழித்தெறிந்துவிட்டு, இலையை நிழலில் பேப்பர் மேல் பரப்ப வேண்டும். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் இறுக்கிப் பார்க்க வேண்டும். கையைத் திறந்ததும் உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். நொறுங்கினால் காய்ந்துவிட்டது. மெதுவாகப் பிரிந்து விரிந்தால் பதம். காய்ந்துபோனதை மீட்க, வாழைப்பட்டையில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டை டப்பாவுக்குள் வைத்து மூடி, மறுநாள் காலையில் மறக்காமல் எடுத்துவிட வேண்டும். மறந்தால் அதுவே பூசணத்துக்கு வழி. எல்லாவற்றையும்விட முக்கியம், வாரத்துக்கு வேண்டியதைத் தனித்தனியாகப் பிரித்துக் காற்றுப் போகாமல் கட்டி வைப்பது.

“மொத்தத்தையும் ஒரே டப்பால கொட்டி தெனம் தொறந்து தொறந்து மூடுனீங்கன்னா, கடைசில கீறது புகையிலை இல்ல, குப்பை” என்றார்.

இவ்வளவு பாடுபட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன் மேடம். வுடணும்னு பாத்தேன், முடியல. வுட முடியாதத்த ஒழுங்காவாவது வெச்சிக்கலாம் இல்ல?”

அந்த வருட மழைக்காலத்தில் எனக்கு ஒரு தலைவலி வந்தது. இதை அவர் வீட்டாரும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். லைனில் பொருத்துகிற சின்னச் சின்ன ஐசிகள் கெட்டியான வெள்ளிநிறப் பைகளில் வரும். ஈரம் ஏறிய ஐசி லைனில் சூடு பட்டதும் வெடித்துவிடும். ஆகவே திறந்த பையில் மீந்ததை மறுபடி சிலிகா ஜெல்லோடு போட்டு மெஷினில் வாய் ஒட்டி வைப்போம். கூடவே ஒரு அட்டையும் வைப்போம். அதிலுள்ள நீலப் புள்ளி இளஞ்சிவப்பாக மாறினால் உள்ளே ஈரம் போய்விட்டது என்று அர்த்தம். அந்த மழையில் நாங்கள் ஒட்டி வைத்த பைகளில் மூன்றே நாளில் புள்ளி மாறத் தொடங்கியது. சிலிகா ஜெல்லை மாற்றினேன். பை வாங்கும் இடத்தை மாற்றினேன். அறையின் ஈரத்தை மணிக்கொரு தரம் அளந்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. மேலிடத்திலிருந்து தினமும் ஒரு மெயில் வந்தது.

பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த சவுரிமுத்து ஒரு நாள் அருகில் வந்து நின்றார். “மேடம், ஒன்னு சொல்லட்டா? பை நல்லாத்தான் கீது. ஒட்டற எடத்துலதான் கோளாறு.”

“எப்படிச் சொல்றீங்க?”

“ஒரு ஆறு ஸ்கிராப் பை குடுங்க. வாய் நம்ம மெஷின்ல ஒட்டுனதா இருக்கணும், வாயைத் தொறக்காம பக்கத்துல கிழிச்சதா குடுங்க. எங்கன்னு காட்டறேன்.”

ஸ்கிராப் பைகளைத் துண்டு துண்டாக வெட்டித்தான் போட வேண்டும் என்பது விதி. அவற்றில் வாடிக்கையாளரின் லேபிள் இருக்கும், வெளியே போனால் போலிப் பாகங்களை அடைக்கப் பயன்படலாம். முழுப் பையாக வெளியே போக வேண்டுமென்றால் நான் கையெழுத்துப் போட்ட கேட் பாஸ் வேண்டும். பாஸ் புத்தகம் மாடியில் இருந்தது. ஏறிப் போக எனக்குச் சோம்பல். “எடுத்துட்டுப் போங்கண்ணே. கேட்ல கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க” என்றேன். இரண்டாவது ரேக்குக்கு முன்னால், எடை மெஷினுக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன்.

அவர் வீட்டில் செய்தது இவ்வளவுதான். நம் மெஷின் ஒட்டிய வாயைத் தொடாமல், கிழிந்த பக்கம் வழியாக உள்ளே ஒரு கைப்பிடி புகையிலையைப் போட்டு, கிழிசலை இஸ்திரிப் பெட்டியால் இரண்டு தரம் அழுத்தி ஒட்டி, ஒரு நாள் அப்படியே விட்டிருக்கிறார். மறுநாள் மூக்கை வைத்து ஓரம் ஓரமாக முகர்ந்து பார்த்திருக்கிறார்.

“ஆறு பையிலயும் எடது மூலைலதான் வாசன வர்து மேடம். மூக்கு பொய் சொல்லாது” என்றார்.

மெஷினைப் பிரித்துப் பார்த்தோம். சூடாகும் பட்டையின் இடது முனையில் மேல்பூச்சு தேய்ந்து போயிருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சுருக்கம் ஒவ்வொரு பையிலும் அங்கே விழுந்திருக்கிறது. பட்டையை மாற்றினோம். புள்ளிகள் நீலமாகவே நின்றன.

அந்தக் கண்டுபிடிப்புக்கு எனக்குப் பரிசு கிடைத்தது. உங்களில் பலர் அந்தக் கூட்டத்தில் கை தட்டினீர்கள். திரையில் நான் காட்டிய பக்கத்தில், பையைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிற இடத்தைப் பார்த்துக் கண்டுபிடித்ததாக இருந்தது. அப்படி ஒரு சோதனையை நான் செய்யவே இல்லை. புகையிலை என்ற சொல்லை அந்தத் திரையில் போட முடியாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். சவுரிமுத்து என்ற சொல்லைப் போட என்ன தடை இருந்தது? கான்ட்ராக்ட் ஆள் சொல்லித்தான் தெரிந்தது என்றால் என் மதிப்புக் குறையும் என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை.

அறிவிப்புப் பலகையில் என் படத்தை ஒட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த சவுரிமுத்து, “போட்டோ நல்லா வந்துகீது மேடம்” என்றார். குத்தலாகச் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். உண்மையாகவே சொன்னார். “எல்லாம் உங்களாலதான்ணே” என்று, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னேன்.

“அதெல்லாம் இன்னா மேடம். ஒன்னே ஒன்னு கேக்கட்டா? ஸ்கிராப் பை வாரத்துக்கு ஒன்னு ரெண்டு எடுத்துக்கறேன். புகையிலைக்கு அந்த மாதிரி ஒன்னு வெளிய கெடைக்கல. வெச்சது வெச்ச மாதிரியே கீது.”

எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அப்போதும் பாஸ் எழுதவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு முறையும் என் மேசைக்கு வந்து, “மேடம், ரெண்டு எடுத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் எடுப்பார். நான் கம்ப்யூட்டரிலிருந்து முகத்தை எடுக்காமல் தலையாட்டுவேன். கிட்டத்தட்ட ஒரு வருடம் இப்படி நடந்தது.

பிறகு செக்யூரிட்டி ஏஜென்சி மாறியது. வெளிநாட்டிலிருந்து வாடிக்கையாளர் ஆடிட்டுக்கு வந்திருந்த வாரம் அது. கேட்டில் எல்லாருடைய பைகளையும் கொட்டிப் பார்த்தார்கள். சவுரிமுத்துவின் சாப்பாட்டுப் பையில், டிபன் பாக்ஸுக்கு அடியில், மடித்து வைத்த இரண்டு வெள்ளிப் பைகள் இருந்தன. லேபிளோடு. அரை மணி நேரத்துக்குள் அது திருட்டு ஆகிவிட்டது. மாலைக்குள், போலிப் பாகம் விற்கிற கும்பலுக்குப் பை சப்ளை செய்கிறார் என்று ஆகிவிட்டது.

மறுநாள் விசாரணை. ஹெச்.ஆர். அதிகாரி, செக்யூரிட்டி அதிகாரி, கான்ட்ராக்டரின் ஆள், நான். சவுரிமுத்து நின்றுகொண்டிருந்தார். பைகள் மேசைமேல் கிடந்தன.

“யாரைக் கேட்டு எடுத்தீங்க?”

“மேடத்த கேட்டுத்தான் சார் எடுத்தேன்.”

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். ஹெச்.ஆர். அதிகாரி கேட்டார்: “நீங்க பெர்மிஷன் குடுத்தீங்களா மேடம்?”

பாஸ் இல்லாமல் லேபிளோடு பையை வெளியே விட்டது பெரிய தப்பு. ஆடிட்காரர்கள் மாடியில் உட்கார்ந்திருந்தார்கள். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் போயிருந்தது. இவை மூன்றும் ஒரே சமயத்தில் என் மண்டைக்குள் ஓடின. நான் சொன்னேன்: “அப்படிச் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல சார்.”

இல்லை என்று சொல்லவில்லையே, ஞாபகம் இல்லை என்றுதானே சொன்னேன் என்று பின்னால் எத்தனையோ நாள் எனக்குள்ளேயே வாதாடிப் பார்த்தேன். ஞாபகம் இருந்தது. எங்கே நின்று சொன்னேன் என்பதுகூட இருந்தது.

சவுரிமுத்து என்னைப் பார்த்தார். கத்துவார், சத்தியம் செய்வார், பரிசுக் கதையை எடுத்து வீசுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் அதிகாரியிடம் திரும்பி, “மேடத்துக்கு ஆயிரம் வேலை சார். மறந்துட்டிருப்பாங்க” என்றார்.

அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. கார்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். இரண்டு செக்யூரிட்டிகள் இருபுறமும் நடக்க, லாக்கரிலிருந்து சாமான் எடுப்பதற்காக அவரை ஸ்டோர்ஸ் வழியே அழைத்துப் போனார்கள். ஷிஃப்ட் மாறுகிற நேரம். நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். ‘பை கேஸ்’ என்ற பெயர் அன்றைக்குத்தான் பிறந்தது. யாரோ அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தபோது, வித்தியாசமாகத் தெரியக் கூடாதே என்று நானும் சிரித்திருக்கிறேன். அடுத்து வந்த ஏப்ரலில் எனக்குப் பதவி உயர்வு வந்தது.

அவருக்கு இந்தப் பக்கத்தில் வேறு கம்பெனி வேலை கிடைக்கவில்லை. ஒரகடம்வரை ஆள் எடுக்கிறவர்களுக்குள் பேச்சு பரவிவிட்டது. கடைசியில் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்கு அருகே ஒரு டூவீலர் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். மறைமலை நகரிலிருந்து வரும் எங்கள் கம்பெனி பஸ் தினமும் அந்த ஸ்டாண்டைக் கடந்துதான் போகும். முதல் தடவை அவரைப் பார்த்ததற்கு மறுநாள், இத்தனை வருடம் உட்கார்ந்த ஜன்னல் சீட்டை விட்டு எதிர்ப்பக்கம் மாறி உட்கார்ந்தேன். வெயில் அடிக்கிறது என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னேன். காலை ஷிஃப்ட் பஸ்ஸில் அந்தப் பக்கம் வெயிலே கிடையாது.

ஒரே ஒரு முறை நேருக்கு நேர் பார்த்தேன். போன வருட மழையில் ஒரு நாள் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு, சுங்குவார்சத்திரத்தில் டவுன் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். மழை வலுத்தது. ஒரு குடை என் தலைக்கு மேல் வந்தது. “இன்னா மேடம், நனைஞ்சிகினு நிக்கறீங்க? உள்ள வாங்க” என்று ஸ்டாண்டின் தகரக் கொட்டகைக்குள் அழைத்துப் போனார். தன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. இளைத்திருந்தார். தலை நரைத்திருந்தது. என் பிள்ளைகளை விசாரித்தார். பிறகு கேட்டார்: “அந்த மெஷினு இப்போ எப்பிடி கீது? எடது மூலை?”

“அதுக்கப்புறம் பிரச்சினையே இல்லண்ணே.”

அவர் முகத்தில் வந்த திருப்தியை நான் பார்த்தேன். தான் சரிசெய்த ஒன்று இன்னும் சரியாக ஓடுகிறது என்ற திருப்தி. அந்த நேரத்தில் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். “அண்ணே, அன்னைக்கு ஹெச்.ஆர். ரூம்ல...” என்று தொடங்கியும் விட்டேன். பஸ் வந்தது. “ஏறுங்க மேடம், எடம் பூடும்” என்றார். ஏறிவிட்டேன். அடுத்த பஸ் பத்தே நிமிடத்தில் வரும் என்று எனக்குத் தெரியும்.

அவர் இறந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் இருந்த இரண்டு பேர், “எல்லாம் அந்தப் புகையிலையால வந்தது” என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்டதும் என் மனம் ஒரு நொடி லேசானது. இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்: ஒரு மனிதரின் சாவுக்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது என்று கேட்டு, அவர் வீட்டு வாசலிலேயே நான் நிம்மதி அடைந்தேன்.

அவர் மனைவி ஸ்டெல்லா பக்கத்துக் கல்லூரி விடுதியில் சமையல் வேலை செய்கிறார். நான் யார் என்று சொன்னதும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“நீங்கதான் அந்த மேடமா? அவரு உங்கள பத்தி சொல்லிகினே இருப்பாரு. கம்பெனியே திருடன்னு சொன்னப்போ, மேடம் ஒருத்தங்கதான் எழுந்து, ‘நான் சொல்லித்தான் எடுத்தாரு’ன்னு எனக்கோசரம் பேசினாங்கன்னு. அவங்க பேச்ச யாரும் எடுத்துக்கல, அவங்க இன்னா பண்ணுவாங்கன்னு சொல்வாரு.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் வாய் திறக்கவில்லை. ஸ்டெல்லா நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டார். துக்க வீட்டில் எனக்காக அடுப்பு மூட்டிக் காபி போட்டார். அவர் சொன்ன இன்னொன்றையும் அந்தக் காபியைக் குடித்துக்கொண்டேதான் கேட்டேன். வேலை போன மறுநாள் சவுரிமுத்து, வீட்டில் இருந்த அத்தனை வெள்ளிப் பைகளையும் காலி செய்து, கழுவித் துடைத்து, அடுக்கிக் கட்டி, கம்பெனி கேட்டுக்கு எடுத்துப் போய்க் கொடுத்திருக்கிறார். செக்யூரிட்டி வாங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டதைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். அந்த வருட மழையில் அவர் வைத்திருந்த புகையிலை முழுக்கப் பூசணம் பிடித்துவிட்டதாம். “கொட்டிட்டு ஒரு வாரம் போடாமயே இருந்தாரு. ஆனா அந்தப் பை வேணும்னு ஒரு நாளும் சொல்லல” என்றார் ஸ்டெல்லா.

நன்றாக இருந்தது காபி. குடித்து முடித்துவிட்டு, சொல்லாமலே எழுந்து வந்தேன்.

அந்த வாரம் கம்பெனியில் எழுத்து மூலமாகவே கொடுத்தேன். அந்தப் பைகளை எடுக்க நான்தான் அனுமதி கொடுத்தேன், விசாரணையில் நான் சொன்னது பொய், பை ஒட்டும் மெஷினின் கோளாறைக் கண்டுபிடித்தவர் அவர் என்று மூன்று விஷயங்களையும் எழுதியிருந்தேன். இப்போதைய ஹெச்.ஆர். அதிகாரி படித்துவிட்டுக் குழம்பினார். “மேடம், அவர் கான்ட்ராக்ட். அந்த கான்ட்ராக்டரே இப்போ இல்ல. அவர் பேர்ல நம்மகிட்ட ஒரு பேப்பர்கூட கிடையாது. எதைத் திருத்துறது?” என்றார். கொஞ்சம் யோசித்து, “வாங்கிக்கிறேன். ஆனா இது உங்க ஃபைலுக்குத்தான் போகும்” என்றும் எச்சரித்தார். போகட்டும் என்றேன்.

காகிதத்தில் இல்லாத பழியைக் காகிதத்தில் நீக்க முடியாது. அது நம் வாய்களில்தான் இருக்கிறது. அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். ஆனால் உங்களுக்கு முன்னால் ஸ்டெல்லாவுக்குத் தெரிய வேண்டும். போன ஞாயிறு மறுபடியும் போனேன். பூசை முடிந்து கோயிலிலிருந்து வந்து, புடவையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

“அக்கா, அன்னைக்கு நான் பேசல. ஞாபகம் இல்லன்னு சொல்லிட்டேன்.”

“இல்லியே. அவரு சொன்னாரே.”

“அவர் ஏன் அப்படிச் சொன்னார்னு எனக்குத் தெரியலக்கா.”

ஸ்டெல்லா தரையைப் பார்த்தபடி, “எனக்குத் தெரியுது” என்றார். “அன்னிக்கு வூட்டுக்கு வந்து விஷயத்த சொன்னாரு. நான் அழுதுகினே கேட்டேன், ‘இத்தினி வருசம் ஒழைச்ச எடத்துல உனக்கோசரம் ஒருத்தர்கூட வாயத் தொறக்கலியா’ன்னு. கொஞ்ச நேரம் சும்மா இருந்தாரு. அப்புறந்தான் உங்க பேர சொன்னாரு.”



“அப்போ ஒருத்தர்கூட பேசல” என்றார் ஸ்டெல்லா. கேள்வியாகக் கேட்கவில்லை.

“இல்லக்கா.”

அவர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வருவார் என்று கொஞ்ச நேரம் நின்றேன். வரவில்லை. வந்துவிட்டேன்.

இறந்தவரிடமிருந்து நாம் எதை வைத்துக்கொள்கிறோம் என்று இப்படிப்பட்ட கட்டுரையின் முடிவில் எழுதுவார்கள். சவுரிமுத்துவிடமிருந்து நான் வைத்திருப்பது ஒரு பொய். மனைவியின் அழுகையை நிறுத்த, அன்றைக்கு அவரைக் கைவிட்டவளின் பெயரையே எடுத்து, அவள் தனக்காகப் பேசினாள் என்று அவர் சொன்ன பொய். என்னைப் பற்றி இதுவரை யாரும் அவ்வளவு நல்லதாகச் சொன்னதில்லை. அதை உண்மையாக்க அவர் இருந்தவரை எனக்கு நாள் இருந்தது, பஸ் இருந்தது, வழியில் அவரும் உட்கார்ந்திருந்தார்.